மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெட்டுடாது

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படிங்க.

போன வாரம் கிள்ளானில் நம்ம கோயில் அன்னதானக் கூடத்துல இலை போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு தங்கச்சி பக்கத்துல வந்து உட்கார்ந்தா. "அக்கா, எனக்கு லூப்பஸ்னு சொல்லிட்டாங்க. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறதா வேண்டியிருக்கேன். விரதம் முடியிற வரைக்கும் மாத்திரையை நிறுத்திடலாமா?"

இதே கேள்வியை நான் யார்கிட்டயும் கேட்காம, நானே முடிவு எடுத்தவள். அதனாலதான் இந்தப் பதிவு.

எனக்கு 2019-இல் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் என்னன்னே தெரியாது. காலையில எழுந்தா விரலை மடக்க முடியாது, பூ கட்ட உட்கார்ந்தா நார் கையில நிக்காது. முடி கொத்துக் கொத்தா கொட்டும். வாயில் புண். வெயில்ல நின்னுட்டு வந்தா ரெண்டு கன்னமும் மூக்கும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒரு தடிப்பு. புத்தகத்துல சிவப்புன்னு போட்டிருக்கும், நம்ம நிறத்துல அது கருமையாத்தான் தெரியும். "பவுடர் ஒத்துக்கல"ன்னாங்க. "கண்ணு பட்டிருச்சு"ன்னாங்க. பாத்திரம் கழுவ வராம ஓரமா உட்கார்ந்திருந்தா, "சாப்பிட மட்டும் வருது"ன்னு ஒரு பேச்சு காதுல விழுந்தது. பார்க்க நல்லாத்தானே இருக்கேன், அவங்களைச் சொல்லியும் குற்றமில்லை.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. செய்வினையும் இல்லை. திருவிழாக் கூட்டத்துல பாதுகாப்புக்கு நிறுத்தின ஆட்கள், திருடனை விட்டுட்டு பக்தர்களையே அடிக்க ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி அப்படித்தான் மூட்டு, தோல், இரத்தம், சிறுநீரகம்னு சொந்த உறுப்புகளையே தாக்குது. பத்து நோயாளிகள்ல ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயசுல இருக்கிறவங்க. அடியோட குணமாக்க இன்னும் மருந்து இல்லை, ஆனா அடக்கி வைக்க இருக்கு. "எதிர்ப்பு சக்தி கூடும், குடி"ன்னு அன்பா கஷாயம் கொண்டு வர்ற ஆன்ட்டிகளே, கோவிச்சுக்காதீங்க, எனக்கு அது அடங்கினாத்தான் நல்லது.

2022 கடைசியில நான் நல்லா இருந்தேன். வலி இல்லை, தடிப்பு இல்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கொஞ்சமா பிரெட்னிசொலோன், இந்த ரெண்டும்தான் என்னை அப்படி வச்சிருந்ததுன்னு அப்போ புரியல. 2023 தைப்பூசம் பிப்ரவரி 5. அதுக்கு 48 நாள் விரதம் எடுத்தேன். "மாத்திரையையும் முழுங்கிட்டு வேலையும் நம்புறேன்னா எப்படி?"ன்னு ஒருத்தர் கேட்டது மனசுல தைச்சிருச்சு. ரெண்டையும் ஒரே நாள்ல நிறுத்தினேன்.

முதல் வாரம் தலைசுற்றல், வாந்தி. விரதம்னு நினைச்சேன். வெளியிலிருந்து பிரெட்னிசொலோன் பல மாசம் போய்க்கிட்டே இருந்தா, உடம்பு தானா சுரக்க வேண்டியதைக் குறைச்சிடும். திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாகலாம், படிப்படியாத்தான் குறைக்கணும்னு பிறகு டாக்டர் சொன்னார். ஜனவரியில கால் வீங்குச்சு. வெறுங்காலோட நடக்கிறதாலன்னு நினைச்சேன். சிறுநீர் சோப்புத் தண்ணி மாதிரி நுரைச்சது, அதை யார்கிட்ட போய்ச் சொல்றது? பத்துமலையில 272 படியும் ஏறி, பாலைச் செலுத்திட்டுத்தான் இறங்கினேன். அடுத்த வாரம் மருத்துவமனையில படுத்திருந்தேன். சிறுநீரகத்துல ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்தாங்க. லூப்பஸ் அங்கே போயிருச்சு. வலியே இல்லாம போயிருச்சு, அதுதான் பயங்கரம். சிறுநீர்ல புரதம் குறைய ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் மைக்கோஃபெனோலேட் சாப்பிடுறேன்.

வீட்டுக்கு வந்ததும் குருக்கள் ஐயாகிட்ட அழுதேன். அவர் திட்டுவார்னு நினைச்சேன். "ஏம்மா, சர்க்கரைக்கு நான் தினமும் மாத்திரை போட்டுட்டுத்தானே கருவறைக்குள்ள போறேன்? என் பூஜை செல்லாதா?"ன்னு கேட்டார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்பவும் விரதம் இருக்கேன். டாக்டர்கிட்ட தேதியைச் சொல்லிட்டேன். ஒரு வேளைச் சாப்பாடு வேண்டாம், சைவமா ரெண்டு மூணு வேளை சாப்பிட்டு மருந்தைப் போடச் சொன்னார். பால்குடம் தைப்பூசத்துக்கு முந்தின வாரமே, விடியறதுக்கு முன்னாடி. காரணம் வெயில். நம்ம நோயைக் கிளப்பி விடுறதுல வெயிலுக்குப் பெரிய பங்கு இருக்கு, அதனால குடை, நீளக் கை ரவிக்கை, சன்ஸ்கிரீன் எல்லாம் எனக்கு அலங்காரம் இல்லை. அலகு குத்துறதா வேண்டிக்கிட்டவங்க ஒரு தடவைக்கு ரெண்டு தடவை டாக்டரைக் கேளுங்க, எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்துல இருக்கும்போது சின்னக் காயமும் சீழ் பிடிக்கும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுறவங்க கண்ணைப் பரிசோதிக்க மறக்காதீங்க. அரசாங்க மருத்துவமனையில 5 ரிங்கிட்டுக்கு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்து மருந்தும் வாங்கிட்டு வர்றேன், காத்திருக்கிற நேரம்தான் கொடுமை. ஒவ்வொரு தடவையும் சிறுநீர் சோதனை கேட்டு வாங்குங்க.

கல்யாணம் பேசுற வீட்டுக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பொண்ணுங்களுக்குக் குழந்தை பிறக்காதுன்னு ஒதுக்காதீங்க. நோய் ஆறு மாசமாவது அடங்கியிருந்து, டாக்டரோட திட்டம் போட்டா பலருக்கும் நல்லபடியா பிறக்குது. ஆனா மைக்கோஃபெனோலேட் மாதிரி சில மருந்துகள் கருவைப் பாதிக்கும். அதை முன்னாடியே மாத்தணும், அதனால முதல்லயே சொல்லிடுங்க.

அந்தத் தங்கச்சி மாத்திரையை நிறுத்தல. அடுத்த செவ்வாய் அவளுக்கு டாக்டர்கிட்ட டேட் இருக்கு, நானும் கூடப் போறேன். அன்னைக்குக் காலையில பூக்கட்டுற அறையில ரெண்டு ஆள் குறையும், முடிஞ்சவங்க வந்து உதவுங்க. ஃபேன் கீழே நாற்காலி ஒண்ணு போட்டிருக்கேன், யாராவது அதுல உட்கார்ந்திருந்தா எழுப்பாதீங்க.