புலி நடந்த பாதையில்



தை மூன்றாம் நாள் ஜல்லிக்கட்டு முடிந்து, வெளியூர் வண்டிகளெல்லாம் புறப்பட்டுப் போனபின்பு நம் அலங்காநல்லூருக்கு ஓர் அமைதி வரும். வாடிவாசலின் முன்னே கிடக்கும் தென்னைநார்க் கழிவை வாரும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இராது. அப்படிப்பட்ட வாரத்தில் ஒருநாள் அதிகாலை மூன்றரை மணிக்கு, நானும் என் மனைவியும் பிள்ளைகள் இருவரும் ஒரு வாடகைக் காரில் தேக்கடிக்குப் புறப்பட்டோம்.

என் மகன் எட்டாம் வகுப்பில் படிக்கிறான். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, கூண்டில் இராத ஒரு புலியைக் காட்டவேண்டும் என்று கேட்டான். காட்டுகிறேன் என்று சொன்னேன். அதன்பின் ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரு திருமணம் வந்தது, ஓர் அடக்க ஆராதனை வந்தது, ஒரு கன்வென்ஷன் வந்தது. சபையாரின் பிள்ளைகளுக்கு வாக்குத்தவறாத தேவனைக் குறித்துப் பிரசங்கித்த நான், என் சொந்தப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை ஐந்து ஆண்டுகள் தள்ளிப்போட்டிருந்தேன். அவன் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. கேட்பதை நிறுத்திவிட்டான். அதுதான் என்னை உறுத்தியது.

வத்தலக்குண்டைத் தாண்டும்போது மகள் ஒரு கேள்வி கேட்டாள். கல்லூரியில் விலங்கியல் படிக்கிறவள். "அப்பா, வேதாகமத்தில் சிங்கம் எத்தனையோ இடத்தில் வருகிறதே, புலி எங்கே வருகிறது?"

உண்மையில் எங்கும் வருவதில்லை. புலி பாலஸ்தீனத்து விலங்கு அல்ல. மேசியாவின் ராஜ்யத்தைப் பாடும் ஏசாயா 11-ஆம் அதிகாரத்தில், வெள்ளாட்டுக்குட்டியோடு படுத்துக்கொள்ளும் விலங்கை நம் பழைய மொழிபெயர்ப்பு புலி என்கிறது. ஆனால் எபிரெயத்தில் உள்ள சொல் நாமேர். அது புள்ளிகளையுடைய சிறுத்தையைக் குறிக்கும். அதே சொல்லை எரேமியா 13-இல் சிவிங்கி என்று பெயர்த்திருக்கிறார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகளைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட்டார்களே, அவற்றைப் பத்திரிகைகள் சிவிங்கிப்புலி என்று எழுதியபோது நம் பழைய வேதாகமச் சொல் ஒன்று திரும்பிவந்ததுபோல் எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. அது வேறு விலங்கு என்று மகள் திருத்தினாள். இறையியல் கல்லூரியில் எபிரெயம் படித்ததன் பயன் இவ்வளவுதான் என்று என் மனைவி சிரித்தாள்.

தேனியைத் தாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று போகையில் பொழுது விடிந்தது. சாலையின் ஓரத்தில் நெல்லும் திராட்சையும் நின்றன. இந்தத் தண்ணீர் யாருடையது என்று மகனிடம் கேட்டேன். முல்லைப் பெரியாற்றில் 1895-இல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த வழியாய்க் கிழக்கே இறங்கி, வைகையில் சேர்ந்து, பேரணையில் கால்வாயாய்ப் பிரிந்து நம் வயல்களுக்கு வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை இருபோகம் விளைவது அதனால்தான். அந்த அணை தேக்கிய நீர்தான் தேக்கடி ஏரி. அதைச் சூழ்ந்த காடுதான் பெரியாறு புலிகள் காப்பகம், 925 சதுர கிலோமீட்டர். நம் வீட்டுச் சோற்றுக்கும் அந்தக் காட்டுப் புலிக்கும் தண்ணீர் ஒன்றே என்று சொன்னபோது, அதுவரை கண்ணாடியில் தலைசாய்த்திருந்த மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

1973-இல் புலிகளைக் காக்கும் திட்டத்தை நம் நாடு தொடங்கியது. பெரியாறு 1978-இல் அதில் சேர்ந்தது. 2006-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 1,411 புலிகள் என்று மதிப்பிட்டார்கள். 2022-இல் அது 3,682 ஆயிற்று. 2021-இல் மலைக்கு இந்தப்பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைக் காடுகளையும் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். இவையெல்லாம் மகள் சொன்ன கணக்குகள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

குமுளியில் இட்லி சாப்பிட்டுவிட்டு, காட்டுக்குள் நடந்துபோகச் சீட்டு எடுத்தோம். ஒரு மூங்கில் தெப்பத்தில் ஏற்றி அக்கரையில் இறக்கினார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அறுபதை நெருங்கிய மனிதர். மெலிந்த தேகம், காக்கிச் சட்டை. தமிழிலேயே பேசினார். அட்டை கடிக்காதிருக்க முழங்கால்வரை துணியுறை மாட்டிவிட்டு, "பேசாம வாங்க. நான் கைய உயர்த்துனா நின்றணும்" என்றார்.

புலியைக் காணவில்லை. அதை இப்பொழுதே சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரத்தில் கருமந்திகளைக் கண்டோம், மலையணிலைக் கண்டோம், புல்வெளியில் ஒரு மிளாவும் அதன் கன்றும் எங்களைப் பார்த்தபடி நின்றன. ஆனால் வழிகாட்டி காணாததையும் காண்பித்தார். ஏரிக்கரைச் சேற்றில் என் உள்ளங்கையைக் காட்டிலும் பெரிய ஒரு தடம் பதிந்திருந்தது. நகத்தின் அடையாளம் இல்லை. நாயின் தடமானால் நகம் பதியும், புலி நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும் என்றார். தடத்தின் ஓரம் இன்னும் உடையவில்லை. "விடியறதுக்கு முன்னாடி போயிருக்கு. நாம இப்ப வந்த வழிதான்."

சற்றுத் தூரத்தில் ஒரு மரத்தை மோந்து பார்க்கச் சொன்னார். மகன் மோந்துவிட்டு, "பிரியாணி வாசம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டான். புலி தன் எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் நீரில் பாசுமதி அரிசியின் வாசம் இருக்கும், இரண்டிலும் ஒரே வேதிப்பொருள் என்று மகள் விளக்கினாள். அதைப் புத்தகத்தில் படித்தவள் அவள். அந்த மனிதர் மூக்கால் அறிந்தவர்.

நான் 104-ஆம் சங்கீதத்தை நினைத்துக்கொண்டேன். இருள் வந்ததும் காட்டுவிலங்குகள் நடமாடுகின்றன, பாலசிங்கங்கள் தேவனிடத்தில் இரை கேட்டுக் கெர்ச்சிக்கின்றன, சூரியன் உதித்ததும் அவை ஒதுங்க, மனிதன் தன் வேலைக்குப் புறப்படுகிறான் என்று சங்கீதக்காரன் பாடுகிறான். ஒரே பாதை, இரண்டு முறைக்காரர்கள். சிங்கத்தின் கெர்ச்சிப்பையே ஒரு ஜெபமாகக் கேட்ட அந்தக் காதை எத்தனை முறை வியந்து பிரசங்கித்திருக்கிறேன்! விடியற்காலத் தடத்தின் பக்கத்தில் என் செருப்புத் தடத்தைப் பார்த்தபோதுதான் அது பாட்டாக அல்ல, நடந்த காரியமாகத் தெரிந்தது.

ஒரு பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கையில், இந்தக் காடு இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"இருபது வயசுல இருந்து திருட்டுத்தனமா உள்ள வந்தவன்தான் ஐயா. வயணை மரத்துப் பட்டை உரிச்சு விப்போம்."

வயணை என்பது லவங்கப்பட்டைக்கு இனமான காட்டு மரம். பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகும். நாள்கணக்காய்க் காட்டில் தங்கி, சமைக்க மானையும் மிளாவையும் அடித்தவர்கள் அந்தக் கூட்டத்தார். 1990-களின் இறுதியில் வனத்துறை அவர்களை அழைத்துப் பேசி, காட்டைக் காக்கும் வேலையையே அவர்கள் கையில் கொடுத்தது. அன்றுமுதல் பகலில் பயணிகளுக்கு வழிகாட்டியும் இரவில் ரோந்து சுற்றியும் அவர்கள் பிழைக்கிறார்கள். களவு செய்தவர்களுக்குத்தான் களவு வரும் வழி தெரியும். பெரியாற்றின் இந்த ஏற்பாட்டைப் பிற மாநிலத்தார் வந்து பார்த்துப் போயிருக்கிறார்கள்.

"திருந்தினவர்கள் என்று எப்படி நம்பினார்கள்?" என்று கேட்டேன். ஒரு போதகனுக்குரிய கேள்வியாக அதை நினைத்தே கேட்டேன்.

அவர் சிரித்தார். "திருந்துன பிறகு நம்பல ஐயா. நம்புன பிறகுதான் திருந்துனோம். மொத ஒரு வருசம் பழைய ஆளுங்க ராத்திரியில வந்து கூப்பிடுவாங்க. நல்ல காசு. போகலாமான்னு தோணும். ஆனா காட்டுச் சாவி நம்ம கையில இருக்கேன்னு இருக்கும்."

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

சபையாரே, நீங்கள் எல்லாரும் அறிந்த ஒரு காரியத்தை இங்கே எழுதவேண்டியிருக்கிறது. சம்பந்தப்பட்ட சகோதரரிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் பகுதியின் கிணறுகளில் மோட்டார் வயர்கள் களவுபோயின. செம்புக்காக அறுத்தார்கள். நம் சபைக் குடும்பங்களே நான்கைந்து நஷ்டப்பட்டன. கருகிய நாற்றங்காலைக் காட்டி என்னிடம் அழுத தாயார் ஒருவரை நான் மறக்கவில்லை. பிடிபட்டவர் நம்மில் ஒருவர். தண்டனை அனுபவித்துத் திரும்பி வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்நாள்முதல் ஒரு ஞாயிறும் தவறாமல் கடைசி வரிசையில், செருப்பு விடும் இடத்துக்கு அருகே உட்காருகிறார்.

கடந்த நவம்பரில் அவர் என்னிடம் வந்து, கீத பவனியில் பெட்ரோமாக்ஸ் விளக்குச் சுமக்கட்டுமா என்று கேட்டார். இப்பொழுது யார் பெட்ரோமாக்ஸ் ஏற்றுகிறார்கள்? நாம் சார்ஜ் விளக்குகளுக்கு மாறி எவ்வளவோ காலம் ஆகிறது. சிறுவயதில் தம் தகப்பனார் சுமந்ததைப் பார்த்த ஞாபகத்தில் கேட்டிருக்கிறார். நான் சிலரிடம் கலந்து பேசினேன். இரவில் வீடுவீடாய்ப் போகிற பவனி, அதில் இவரா என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. எனக்கும் அதே பயம்தான். "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். என் மகனுக்குச் சொல்லிவந்த அதே வார்த்தை.

பவனி அவர் தெருவுக்குப் போன இரவில், அவர் வாசலில் ஒரு மெழுகுவர்த்தியைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நாம் பாடினோம், ஜெபித்தோம், காணிக்கைப் பை நீட்டினோம். அவர் போட்டார். நாம் அடுத்த வீட்டுக்குப் போனோம்.

அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது இது நினைவுக்கு வந்தது. முன்பின் அறியாத ஒரு பழைய திருடனை நம்பி, அவர் கை உயர்ந்தால் நின்று, அவர் காட்டிய வழியே, புலி உலாவும் காட்டில் என் மனைவியையும் பிள்ளைகளையும் நடத்தி வந்திருக்கிறேன். நாலு ஆண்டுகளாய் என் பிரசங்கத்தைக் கேட்கிறவர் கையில் ஒரு விளக்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவனை நம்பாமல் பயந்தார்கள் என்று அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. அவனை அழைத்துக்கொண்டு போய் அவர்கள் நடுவே நிறுத்தியவன் பர்னபா. பர்னபாவைக் குறித்து மூன்று புள்ளிகளில் பிரசங்கம் செய்திருக்கிறேன். குறிப்புகள் இன்னும் என் கோப்பில் இருக்கின்றன.

பிற்பகலில் படகில் ஏறினோம். அணை கட்டும்போது மூழ்கிய மரங்களின் மொட்டை முனைகள் இன்னும் நீருக்குமேலே நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்தின. படகில் எல்லாரும் மிதவைச் சட்டை கட்டியிருக்கிறார்களா என்று ஒருவர் இழுத்து இழுத்துப் பார்த்தார். 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் இந்த ஏரியில் ஒரு படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் எல்லாரும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்ததாக அப்போது சொன்னார்கள். என் மனைவிக்கு அது நினைவிருந்தது. காட்டெருதுகள் கரையில் இறங்கியபோது மகன் எழப்பார்க்க, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தபடியே பார்த்தான். பதினொன்று என்று எண்ணிச் சொன்னான். நம்மூர்க் காளைகளை அருகில் கண்டு வளர்ந்த பிள்ளை, அவற்றின் திமிலில்லாத முதுகை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும் வழியில், "புலியைக் காட்டமுடியவில்லையே" என்றேன். "பரவாயில்லப்பா. வந்தோம்ல" என்றான். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு முன்பே தூங்கிவிட்டான்.

மறுநாள் மாலை அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போனேன். அவர் வேலை முடிந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். நவம்பரில் நான் சொன்ன பதிலுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி, "அய்யோ, அதெல்லாம் எதுக்கு ஐயா" என்றார். பிறகு, லெந்து நாட்களில் அதிகாலை ஜெபத்துக்கு நாலரை மணிக்கு ஆலயத்தைத் திறந்து விளக்கேற்ற ஓர் ஆள் வேண்டும், நம் ஆலயப் பணியாளருக்கு வயதாகிவிட்டது, செய்வீர்களா என்று கேட்டு, மாற்றுச் சாவியை எடுத்து நீட்டினேன்.

அவர் அதைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்தார். ஆனால் நீட்டவில்லை.

"கமிட்டி ஐயாமாருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லவில்லை."

"அவங்க சொல்லட்டும் ஐயா. அப்புறம் வாங்கிக்கிறேன்."

சாவியோடு வீட்டுக்கு வந்தேன். அது இப்பொழுது என் எழுதுமேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், பதினொன்றரை மணிக்குக் கமிட்டி கூடுகிறது. வயர் பறிகொடுத்த வீட்டாரும் வரவேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அந்தத் தாயார் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.