மாமாவின் இரண்டு ஏக்கர்

சென்ற பொங்கலன்று நம் மன்றத்தார் பரிமாறிய சர்க்கரைப் பொங்கலில் என் இலைக்கு முழு ஏலக்காய் ஒன்று வந்தது. "ஓரமாக ஒதுக்கிவிடுங்கள்" என்றார் பக்கத்து நண்பர். மனம் வரவில்லை, மென்று விழுங்கினேன். நண்பர் சிரித்தார். அது எங்கள் மலைச் சரக்கு என்பதை அவர் அறியார்.

எங்கள் ஊர் கம்பம். கம்பம்மெட்டு வழியே மலையேறினால் கேரளத்து இடுக்கி மாவட்டம். அங்கே வண்டன்மேட்டுப் பக்கம் என் தாய்மாமாவுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போகும் பெண்களில் என் தாயும் ஒருவர். ஏலக்காய் மரத்தில் காய்ப்பதாக நினைக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். அது செடியின் அடியில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் காய்க்கிறது. எல்லாக் காயும் ஒருங்கே முற்றுவதில்லை. குந்தியிருந்து முற்றியதை மட்டும் பறிக்கவேண்டும். ஒன்றரை மாதம் கழித்து மறுபடியும் குந்தவேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ தேறினால் அதிகம்.

2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போனது. மூன்றாண்டுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏலச்செடியை ஏற்றுக்கொண்ட குவாதமாலா நாடு, பல பத்தாண்டுகளாக ஏற்றுமதியில் நம்மை முந்தி நிற்கிறது. அராபியரின் காப்பிக் கோப்பை எந்த மலைக் காயை விரும்புகிறதோ, அதைப் பொறுத்தது என் மாமாவின் அடுப்பு.

2023 ஜனவரியில், ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகச் சோதனையில் கண்டு, கேரள உயர்நீதிமன்றம் சபரிமலை அரவணை விற்பனையை நிறுத்திற்று. (மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது வேறு கதை.) மாமா மாலை போட்டு மலைக்குப் போகிறவர். "மாப்பிள்ளை, சாமிக்கே விஷமா கொடுத்தோம்?" என்று கேட்டார். அந்த ஆண்டு மருந்தடிப்பைப் பாதியாகக் குறைத்தார்.

இலைப்பேன் சும்மா இருக்குமா? காயின் தோலில் சொறி விழுந்தது. மலைச்சரக்கு வியாபாரி ஒருவரிடம் மாமாவோடு நானும் போயிருந்தேன். அவர் சல்லடையில் சலித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பருமன், நல்ல பச்சை நிறம், இவ்விரண்டுக்குத்தான் விலை. மருந்து குறைத்த கதையை மாமா சொன்னார். வியாபாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, கிலோவுக்கு இருநூறு ரூபாய் குறைத்தார். பத்து நாளுக்கு ஒருமுறை மருந்தடித்த பக்கத்துத் தோட்டத்துக் காய் பளபளவென்று அங்கேயே இருந்தது. எங்கள் கண்முன்னே இரண்டையும் ஒரே சாக்கில் கொட்டினார்.

அந்தச் சாக்கை நான் மறக்கவில்லை. அது துறைமுகத்தில் சோதனையில் தோற்றால் மாமாவின் காயும் தோற்றதுதான். சவூதி அரேபியா எச்சத்தைக் காட்டி நம் ஏலக்காயைத் தடுத்தபோது விலை சரிந்தது எல்லாத் தோட்டத்துக்கும்தானே! வாங்கும் நாடு தூய்மை கேட்கிறது. அதன் செலவைத் தர வழியில் ஒருவரும் இல்லை. தனியொருவர் நாற்பது கிலோ காயை ஆய்வுக்கு அனுப்பிக் கட்டணம் கட்டினால் மிஞ்சுவது என்ன?

இனி வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். என் கல்லூரிக் கட்டணத்தில் பாதி மாமா தருவது. அந்த ஆண்டு அத்தையின் வளையல் அடகுக்குப் போயிற்று. "மாமா, பழையபடி மருந்தடியுங்கள்" என்று சொன்னவன் நானேதான். அவரும் அடித்தார். வளையல் திரும்பிற்று.

ஆனால் அவர் விட்டுவிடவில்லை. பீர்மேடு டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற சங்கம் சிறு விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து, இயற்கை முறை மிளகையும் பிற மலைச்சரக்கையும் வெளிநாட்டுக்கு அனுப்பிவருவதை விசாரித்து அறிந்திருக்கிறார். குழுவுக்கு ஒரே சான்று. ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து வரவேண்டும். அடித்தது என்ன, எவ்வளவு, எந்தத் தேதி என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதவேண்டும். இப்போது பக்கத்துத் தோட்டக்காரர் ஆறு பேரோடு பேசிவருகிறார். பளபளப்புக் காய்க்காரரும் அவர்களில் ஒருவர்.

நோட்டை எழுதுவது விடுமுறையில் என் வேலையாம். தமிழில் எழுதுவதா மலையாளத்தில் எழுதுவதா என்பதில்தான் ஏழு பேருக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை.