இடித்த ஏர்போர்ட்டில் இறங்குவது எப்படி?

கம்ப்யூட்டரில் விளையாடுகிறவர்கள் இரண்டு ரகம். சுடுகிறவர்கள், ஓட்டுகிறவர்கள். ஓட்டுகிறவர்களிலும் கார் ஓட்டுகிறவன் சாதாரண மனிதன். விமானம் ஓட்டுகிறவன் தனிப் பிறவி. அவன் ஆட்டத்தில் எதிரி கிடையாது, பாயின்ட் கிடையாது, அடுத்த லெவல் கிடையாது. இரண்டு மணி நேரம் வெறும் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "என்னப்பா பண்றே?" என்று கேட்டால், "உஷ்! தரையிறங்கப் போறேன்" என்பான். வீட்டில் அரிசி தீர்ந்துபோன விஷயம் அவனுக்கு 8,000 அடிக்குக் கீழே எங்கேயோ நடக்கிற சமாசாரம்.

இந்த வியாதிக்கு மூலபுருஷர் புரூஸ் ஆர்ட்விக் என்கிற அமெரிக்கர். இலினாய் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படித்தவர். கம்ப்யூட்டர் திரையில் விமானம் பறப்பதைக் காட்டுவது எப்படி என்று 1975ல் ஆய்வேடு எழுதினார். எழுதிவிட்டுச் சும்மா இருந்தாரா? சப்லாஜிக் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ஃப்ளைட் சிமுலேட்டர் செய்து விற்றார். கோடு கோடாகத் தரை, கோடு கோடாக மலை. அவ்வளவுதான் உலகம். மைக்ரோசாஃப்ட் அதற்கு உரிமம் வாங்கி, 1982ல் ஐ.பி.எம். பி.சி.க்குக் கொண்டுவந்தது.

என்னைப் போன்ற பி.காம்.களுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. அந்தக் காலத்தில் ஐ.பி.எம்.மைப் பார்த்து ஊர் ஊராக நகல் கம்ப்யூட்டர்கள் செய்தார்கள் அல்லவா? 'இது அசலுக்குச் சமமா?' என்று சோதிக்க இரண்டு சாஃப்ட்வேர்தான் போடுவார்களாம். ஒன்று, கணக்குப் போடும் லோட்டஸ் 1-2-3. இன்னொன்று, ஃப்ளைட் சிமுலேட்டர். இரண்டும் ஓடினால் மெஷின் பாஸ்! ஆக, கணக்குப்பிள்ளையும் பைலட்டும் ஆதியிலிருந்தே ஒட்டிப் பிறந்தவர்கள்.

எங்கள் பெரியப்பா இரண்டுமாகவும் இருந்தவர்.

திருச்சியில் ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன். 1994ல் சம்பளப் பட்டியல் போட ஒரு 486 கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்கென்று ஏ.ஸி. ரூம், வெல்வெட் உறை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும். மானேஜர் ஆறு மணிக்குக் கிளம்பியதும் சம்பளப் பட்டியல் தரையிறங்கும்; விமானம் மேலேறும். பெரியப்பாவும் கேஷியரும் மாறி மாறி ஓட்டுவார்கள். நிஜ விமானத்தை இருவரும் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

ஓட்டுவதைவிடக் கவிழ்ப்பதில் இருவருக்கும் ஆர்வம் அதிகம். ஒருவர் டீ குடிக்கப் போனால், மற்றவர் பெட்ரோலைக் குறைத்து வைப்பார். அல்லது என்ஜினை அணைத்து வைப்பார். திரும்பி வந்தவர் திட்டிக்கொண்டே ஏரியில் விழுவார்.

1996ல் ஒரே ஒரு பிரமோஷன் வந்தது. பெரியப்பாவுக்குக் கிடைத்தது. கேஷியர் ஓசூர் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடைசி நாளில் 'வர்றேன்' என்றுகூடச் சொல்லவில்லை. பெரியப்பா மேஜைமேல் ஒரு ஃப்ளாப்பி மட்டும் இருந்தது. லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் ஒரே வார்த்தை: 'இறக்கிட்டே!'

"என்னைக் கீழே இறக்கிட்டேன்னு குத்திக் காட்டிட்டுப் போறான்" என்று பெரியப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் போட்டார். அப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கல்யாணப் பத்திரிகை இந்தப் பக்கமிருந்து போகவில்லை, ஒரு கிரகப்பிரவேசப் பத்திரிகை அந்தப் பக்கமிருந்து வரவில்லை. ஆபீஸில் பிரமோஷன் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் இது புரியும். அதாவது எல்லாருக்கும்.

போன மாதம் பீரோவை ஒழித்தபோது ஃப்ளாப்பி கையில் அகப்பட்டது. பெரியப்பா அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நீதான் கம்ப்யூட்டரைப் பத்தியெல்லாம் எழுதறியே, இதுல என்ன இருக்குன்னு பாரேன்டா."

*

முதல் சிக்கல் பூஞ்சை. ஃப்ளாப்பியின் தகரக் கதவை நகர்த்திப் பார்த்தால், உள்ளே கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகத் தேமல் மாதிரி. அப்படியே டிரைவில் செருகினால் ஃப்ளாப்பியும் போகும், டிரைவின் ஹெட்டும் அழுக்காகும். ஐஸோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால், பச்சைக் குழந்தைக்குக் காது துடைக்கிற பதத்தில் துடைத்தேன். யூ.எஸ்.பி.யில் செருகுகிற ஃப்ளாப்பி டிரைவ் இன்னமும் கிடைக்கிறது. அது கடகடவென்று மாவு மில் மாதிரி சத்தம் போட்டு, இரண்டு முறை 'முடியாது' என்றது. மூன்றாம் முறை படித்தது.

இங்கே ஒரு உபயோகமான விஷயம். பழைய ஃப்ளாப்பி படித்துவிட்டால் உடனே ஃபைலைத் திறந்து பார்க்கிற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். முதல் காரியமாக முழுத் தட்டையும், 512 பைட் வீதம் 2,880 துண்டுகளையும், அப்படியே ஒரு இமேஜாக நகல் எடுத்துக்கொள்ளவேண்டும். அடுத்த முறை படிக்கும் என்று அந்தத் தட்டு உங்களுக்குப் பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை.

உள்ளே இருந்தது ஒரே ஒரு சின்ன ஃபைல். ஃப்ளைட் சிமுலேட்டர் 5.0ல் சேமித்த 'சிச்சுவேஷன்'. பறந்துகொண்டிருக்கும்போதே, விமானம் எங்கே, என்ன உயரம், என்ன வேகம் என்று அந்த நொடியை அப்படியே உறையவைத்துச் சேமிக்கிற வசதி அது.

"ப்ளேன் ஆகாசத்துலயே நிக்குதா?" என்றார் பெரியப்பா.

"ஆமாம், 1996லேர்ந்து."

அதை இறக்க 5.0 வேண்டும். 1993ல் வந்த பதிப்பு. சாஃப்ட்வேர் பழசாகிவிட்டால் இலவசமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நாட்டில் இருக்கிறது. ஆகாது ஸார். உரிமை இன்னும் உரியவரிடம்தான். பழைய சாமான் விற்கிறவர் ஒருவரிடம் அட்டைப்பெட்டியோடு அசல் ஃப்ளாப்பிகளை வாங்கினேன். விலையை இங்கே எழுதினால் என் மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறாள்.

அடுத்தது, 1993ஆம் வருஷத்துக் கம்ப்யூட்டர். அதை வாங்கவேண்டாம். டாஸ்பாக்ஸ் என்று ஒன்று 2002லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. இதுதான் எமுலேட்டர். என் லேப்டாப்புக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர் போல நாடகம் போடும். அதன் ஸவுண்ட் கார்டு நாடகம், வீடியோ கார்டு நாடகம், சி டிரைவ்கூட நாடகம். 'மவுன்ட்' என்று கட்டளை கொடுத்து ஒரு ஃபோல்டரைக் காட்டினால், அதுவே சி டிரைவ் என்று சத்தியம் செய்யும். உள்ளே ஓடுகிற ஃப்ளைட் சிமுலேட்டர் அத்தனையையும் நம்பும். கல்யாணத் தரகர்கள்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்வதில்லை.

ஒவ்வொரு ஃப்ளாப்பியாகக் கேட்டுக் கேட்டு இன்ஸ்டால் ஆனது. பிறகு அந்தக் கால நேர்முகத் தேர்வு: ஸவுண்ட் ப்ளாஸ்டர் எந்த போர்ட், எந்த ஐ.ஆர்.க்யூ., எந்த டி.எம்.ஏ.? டாஸ்பாக்ஸில் வழக்கமான பதில் 220, 7, 1. மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பழைய ஆட்டங்கள் இதே கேள்வியைத்தான் கேட்கும்.

ஓடவிட்டால் விமானம் மாட்டு வண்டி மாதிரி நகர்ந்தது. காரணம் 'சைக்கிள்ஸ்'. டாஸ்பாக்ஸ் இந்த ரக ஆட்டங்களுக்கு ஆரம்பத்தில் 3,000 என்று கஞ்சத்தனமாக வேகம் கொடுக்கும். கன்ட்ரோலோடு எஃப் 12 அழுத்தினால் ஏறும்; எஃப் 11 அழுத்தினால் இறங்கும். என் லேப்டாப்பில் எஃப் 12 என்பது சத்தத்தைக் கூட்டுகிற சாவி. ஆகவே 'எஃப்என்' சாவியையும் சேர்த்து, வீணை வாசிக்கிற மாதிரி மூன்று விரல். 25,000 வாக்கில் கொண்டுபோனால் ஏறக்குறைய பழைய 486ன் நடை வந்துவிடுகிறது. பேராசைப்பட்டு மிகவும் ஏற்றினால், நிஜக் கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கி, என்ஜின் சத்தம் விக்க ஆரம்பிக்கும். விக்காத அளவில் நிறுத்திக்கொள்வதுதான் சூட்சுமம்.

கடைசி சிக்கல், நம்பர் பேட். இந்த ஆட்டத்தை ஓட்டுவதே வலது பக்க எண் சாவிகளால்தான். 4ம் 6ம் இறக்கையைச் சாய்க்கும். 9 என்ஜினை முடுக்கும், 3 தணிக்கும். மேலே இருக்கிற 8ஐ அழுத்தினால் மூக்கு கீழே போகும். கீழே இருக்கிற 2ஐ அழுத்தினால் மேலே வரும். என் லேப்டாப்பில் நம்பர் பேடே கிடையாது. ஜி.எஸ்.டி. கணக்குப் போடுகிறவர்கள் தனியாக ஒரு யூ.எஸ்.பி. நம்பர் பேட் வைத்திருப்பார்களே, அதைப் பக்கத்து வீட்டு ஆடிட்டரிடம் இரவல் வாங்கினேன். சொன்னேனே, ஒட்டிப் பிறந்தவர்கள் என்று!

*

சிச்சுவேஷனைத் திறந்ததும் பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"மெய்க்ஸ்டா! மெய்க்ஸ் ஃபீல்டு!"

சிகாகோவில் மிச்சிகன் ஏரிக்கரையை ஒட்டின ஒரு சின்ன விமான நிலையம். 1948ல் திறந்தது. ஒரே ஒரு ஓடுபாதை, நீளம் சுமார் 3,900 அடி. 1982லிருந்து அந்தக் காலத்து ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறந்தால் விமானம் நின்ற இடம் அதுதான். இடது பக்கம் சிகாகோவின் அடுக்குமாடிகள், வலது பக்கம் ஏரி. சிகாகோ எந்தத் திசை என்று தெரியாத லட்சக்கணக்கான பேருக்கு அதன் ஓடுபாதை எண் 36 என்று தெரியும்.

"அந்த ஏர்போர்ட் இப்ப இல்லை, பெரியப்பா."

நம்பவில்லை. நிஜம்தான். 2003 மார்ச் 30ஆம் தேதி இரவோடு இரவாக, சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் வந்தன. ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகக் குடைந்துவிட்டுப் போய்விட்டன. தீவிரவாதிகள் பயம் என்று காரணம் சொன்னார் மேயர். அங்கே நின்றிருந்த 16 விமானங்கள் மாட்டிக்கொண்டு, பிறகு பக்கத்து டாக்ஸிவேயிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. முன்கூட்டிச் சொல்லாமல் மூடியதற்காக நகரத்துக்கு 33,000 டாலர் அபராதம். இப்போது அந்த இடம் பூங்கா.

பெரியப்பா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இங்க இருக்குல்ல?" என்றார். "இறக்கறேன்."

விமானம் செஸ்னா 182. தெற்கிலிருந்து ஏரிமேல் வந்துகொண்டிருந்தது. நேர் எதிரே ஓடுபாதை. காற்று இல்லை, மேகம் இல்லை. குழந்தைகூட இறக்கலாம். பெரியப்பாவின் விரல்கள் எழுபது வயதில் நடுங்கின. ஆனால் எந்தச் சாவி எங்கே என்று அவற்றுக்கு மறக்கவில்லை. 3ஐத் தட்டி என்ஜினைத் தணித்தார். 2ஐ ஒரு தட்டு. அல்டிமீட்டரில் 700... 650...

"சைபர் வரணுமா?" என்றேன்.

"முட்டாள், மெய்க்ஸே 593 அடியில இருக்குடா!"

ஓடுபாதை அழகாகக் கிட்டே வந்தது, தொட்டது. உடனே திரையில் விபத்து!

இன்னொரு முறை. அதே கதி. மூன்றாம் முறை ஓடுபாதை நெருங்கியபோது பெரியப்பா திடீரென்று பாஸ் போட்டு நிறுத்தி, கருவிப் பலகையில் மூக்கை வைத்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வருகிறவரை சிரித்தார். என் மனைவி தண்ணீரோடு ஓடி வந்தாள்.

"படவா! சக்கரத்தை மடக்கி வெச்சுட்டுப் போயிருக்கான்டா!"

அந்த செஸ்னா, சக்கரத்தை மடக்குகிற ரகம். ஜி சாவியைத் தட்டினால்தான் கீழே வரும். கேஷியர் அதை மடக்கி, மற்றதையெல்லாம் சர்க்கரையாக வைத்துச் சேமித்துவிட்டு, லேபிளில் 'இறக்கிட்டே!' என்று எழுதியிருக்கிறார். 'இறக்கித்தான் பாரேன்' என்கிற அர்த்தத்தில்.

"கோவக்காரன் இப்படியா பண்ணுவான்?" என்றார் பெரியப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கோவமா இருந்தா சும்மா போயிருப்பான்."

நான்காம் முறை ஜி தட்டி இறக்கினார். கோணலாகத்தான் இறங்கியது. ஓடுபாதையைத் தாண்டிப் புல்லில் போய் நின்றது. ஆனால் நின்றது.

ஓசூர் நம்பரைக் கண்டுபிடிக்க நான்கு பழைய ஸ்டாஃப்களுக்கு போன் செய்யவேண்டியிருந்தது. மறுமுனையில் 'யாரு?' என்றதும் பெரியப்பா பெயர் சொல்லவில்லை, நலம் விசாரிக்கவில்லை. "இறக்கிட்டேன்டா" என்றார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஸ்பீக்கரில் நானே கேட்டேன்:

"எத்தனாவது தடவையில?"

இப்போது ஓசூரில் கேஷியரின் பேரன் டாஸ்பாக்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான். வாரம் ஒரு சிச்சுவேஷன் ஃபைல் ஈமெயிலில் போகிறது, ஒன்று வருகிறது. போன வாரம் வந்ததில் டாங்க்கில் பெட்ரோல் இல்லை. பதிலுக்கு இங்கேயிருந்து நடு இரவு, கடும் மூடுபனி அனுப்பியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கெல்லாம் பெரியப்பா வந்துவிடுகிறார். என் நாற்காலி அவருக்கு. எனக்குக் கிரவுண்ட் ஸ்டாஃப் உத்தியோகம்: காபி, வடை, கன்ட்ரோல்-எஃப் 12. ஆடிட்டர் மட்டும் நம்பர் பேடைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதி நெருங்குகிறதாம்!