ஈரச் சுவரும் கச்சான் காற்றும்

தென்திசைச் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும்பும் மலைவிளிம்பின்மேல், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1430 மீற்றர் உயரத்தில் அமைந்திருக்கும் அப்புத்தளைக்குக் காற்றுகள் இரண்டு. ஐப்பசி தொட்டுத் தை வரையில் மழையைச் சுமந்துவரும் வாடை ஒன்று. மேற்கு மலைகளிலே தன் ஈரத்தையெல்லாம் பொழிந்துவிட்டு ஆடி ஆவணியில் வறண்டு வந்து, ஊவாத் தேயிலைக்கு அதன் பிரசித்தமான வாசனையை அளிக்கும் கச்சான் மற்றொன்று. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயல் வாடையின் பருவத்திலே வந்தது. பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் கொண்டுபோன உயிர்களைப் பற்றிய விருத்தாந்தங்களை வாசித்து மனம் கலங்கியிருந்த எனக்கு, உயிர் தப்பியவர்கள் திரும்பிப்போய்ப் படுத்தெழ வேண்டிய ஈரக் காம்பிராக்களைப் பற்றிய எண்ணம் பின்னரே உண்டாயிற்று. அவற்றை உலர்த்துகிறவர்களின் தொழிலை நேரிற் காணவேண்டுமென்ற விருப்பத்தோடு, பொங்கல் கழிந்தபின், அப்புத்தளைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குச் சென்றேன்.

மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த குறுகிய மேடையில், முதுகை மண்திட்டுக்குக் காட்டியபடி ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் பழைய லயம் அது. கருங்கல்லை மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய கனத்த சுவர்கள், மேலே தகரம், முன்னால் இஸ்தோப்பு. திட்டின் ஒரு பகுதி கரைந்து, பின்புறக் கான் அடைபட்டு, சேற்றுநீர் முழங்காலளவு உள்ளே நின்றிருக்கிறது. வடிந்தபின் அது விட்டுச்சென்ற கோடு சுவரில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஈரமோ அக்கோட்டுக்கு மேல் இரண்டு அடிவரை ஏறியிருந்தது. நின்ற நீரின் மட்டத்தோடு சுவரின் துன்பம் முடிவதில்லை. கல்லிடுக்கிலுள்ள மண்சாந்து நீரை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

வேலையை நடத்தியவர், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலெல்லாம் பாஸ் என்றே அழைக்கப்படும் வயதான மேசன். அவர் முதலிற் பார்த்தது சுவரை அன்று, மலையை. 2014 அக்டோபர் 29 ஆந் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போன நாளை இப்பகுதியில் மறந்தவர் எவருமில்லை. நாங்கள் நின்ற லயமோ, திரும்பலாமென்று அதிகாரிகள் பார்த்துச் சொல்லியிருந்ததுதான். ஆயினும் திட்டின் உச்சியில் புதிய வெடிப்பு ஏதும் விட்டிருக்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டே அவர் கரண்டியைக் கையிலெடுத்தார்.

உலர்த்துவதென்றால் நெருப்பு மூட்டுவதென்றே நான் எண்ணியிருந்தேன். அடுத்த காம்பிராவிலிருந்த மூதாட்டி அதைக் கேட்டுத் தலையசைத்தார். பல வருஷங்கள் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தட்டில் வேலை செய்தவர் அவர். “கதவ மூடி அடுப்பெரிச்சா தகரம் வேர்க்கும் ஐயா, வேர்த்த தண்ணி மறுபடியும் செவுத்துக்குத்தான் வரும். கொழுந்த வாட்டுறது காத்துத்தான், சூடு இல்ல” என்றார். நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் நீர் கொண்ட பச்சைக் கொழுந்தை முதலில் காற்றாலே பல மணிநேரம் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, கடைசியிலேதான் சூடு காட்டி மூன்று பங்கு ஈரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். 1890 இல் லிப்டன் கட்டிய தம்பேதன்னை ஸ்டோர் முதலாக இம்மலைகளில் எந்த ஸ்டோரிலும் நடக்கும் காரியம் இது. எரியும் விறகும் நீராவியை வெளிவிடும். ஈர விறகாயின் இன்னும் அதிகமாக. போக்கிடமில்லாத காம்பிராவில் அந்த ஆவி குளிர்ந்த கல்லிலும் தகரத்திலும் படிந்து துளியாகிறது. பௌதிக சாஸ்திரம் கூறும் காரணமும் இதுவே. அதை அவர் தட்டின் அருகில் நின்று கற்றிருக்கிறார்.

ஆகவே லயத்தார் காற்றைக் காவல் காத்தார்கள். வெயில் ஏறிய முற்பகலில் முன்கதவும் பின் ஜன்னலும் நேருக்கு நேர் திறந்திருக்கும். நடுப்பகலுக்குப்பின் கீழ்ப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி கணவாய் வழியாக ஏறத் தொடங்கியதும், லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை யாரோ ஒருத்தி குரல் கொடுக்க, கதவுகள் அனைத்தும் சாத்தப்படும். வெளிக்காற்று உள்காற்றைவிட ஈரமாயிருக்கும் வேளையில் திறந்த ஜன்னல் நன்மை செய்யாது என்ற விதியைப் பெருநகரங்களில் கருவிகள் கொண்டு அளந்தறிகிறார்கள். நீர்வாங்கும் யந்திரங்களையும் பெரிய விசிறிகளையும் வைத்து அதே காரியத்தைச் சில வாரங்களில் முடிக்கிறார்கள். இங்கே மின்கட்டணத்துக்கு அஞ்சும் குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. ஓர் அங்குலச் சுவருக்கு ஒரு மாதம் என்று கட்டடக்காரர் சொல்லும் பொதுக்கணக்கை இத்தனை கனமான கருங்கற்சுவருக்கு வைத்துப் பார்த்தால், அடுத்த மழையே வந்துவிடும்.

பாஸின் முக்கியமான வேலை பூச்சை இறக்குவது. பிற்காலத்தில் யாரோ பழைய சுண்ணாம்பின்மேல் சீமெந்து பூசியிருந்தார்கள். விரல்கணுவால் தட்டிக்கொண்டே போவார்; பொக்கென்ற சத்தம் கேட்ட இடத்தில் உளி இறங்கும். நீர்க்கோட்டுக்கு மேல் முழங்கையளவு தாண்டியும் உரித்தார். சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சீமெந்தோ உட்புகுந்த நீரை உள்ளேயே அடைத்துவைத்து, உப்பாகப் பூத்துப் பாளம் பாளமாக விழுகிறது. கடினமான பொருளே உறுதியான பொருள் என்ற அபிப்பிராயத்தால் இம்மலைகளில் எத்தனை நல்ல சுவர்கள் நோயுற்றிருக்கின்றன என்பதை அந்தக் காம்பிராவில் நின்றபோது உணர்ந்தேன். உரித்த இடத்தில் ஒரு பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி இரவு முழுவதும் விட்டார். விடியற்காலையில் தாளின் உட்புறம் துளிகள். “இன்னும் விடுது” என்பதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சேற்றை அள்ளியதும், கதவுப் பலகைகளைக் கோணாதபடி நிழலில் அடுக்கிக் காயவிட்டதும், பூஞ்சணம் பிடித்த துணிகளை வெந்நீரில் அலசியதும் பெண்களே. அதுவும் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பிற்பாடு. அவர்கள் உலர்த்தும் அந்தச் சுவர் அவர்களுக்குச் சொந்தமன்று. தலைமுறைகள் பிறந்து இறந்த காம்பிரா தோட்டத்தின் உடைமை. அதற்கு உறுதிப்பத்திரம் கிடையாது. நிவாரணத்தைப் பற்றிய பேச்செல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றிக்கொண்டு விலகிப்போவதை என்னாற் பொறுக்க முடியவில்லை. சொந்தமில்லாத சுவருக்குச் செலவழிக்க எவரும் தயங்குவர். உடையவரோ அங்கே உறங்குவதில்லை. அந்த இடைவெளியிலேதான் ஓதம் குடியிருக்கிறது.

லயத்துக்கு உதவியாக வந்திருந்த சீமெந்து மூட்டைகளைச் சுவரிற் பூசிவிடலாமென்று இளைஞர் சிலர் வற்புறுத்தினார்கள். பாஸ் இணங்கவில்லை, நீண்ட வாக்குவாதத்துக்குப் பின் அவர் சொன்னபடியே தீர்மானமாயிற்று. சீமெந்து முழுவதும் பின்புறக் கானுக்கு: திட்டுக்கும் சுவருக்கும் இடையே ஆழமாக வெட்டி, லயத்தின் இருமுனைக்கும் சாய்வு கொடுத்து, நீர் கல்லைத் தொடாதபடி கட்டவேண்டும். சுவரின் கீழ்ப்பாகம் வெறுங்கல்லாகவே கிடக்கும். ஆடியில் கச்சான் வீசத் தொடங்கி, பொலித்தீன் தாளின் உட்புறம் காய்ந்திருப்பதைக் கண்டபின், சுண்ணாம்பு ஒரு பங்கும் மணல் மூன்று பங்கும் கலந்து அவரே பூசுவார். கான் வெட்டும் வேலையை மறுநாள் ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்தார்கள்.