அருளானந்தர் கப்பலேறிய ஆற்றில்

லிஸ்பன் மாநகரைக் கடற்கரை நகரம் என்று கூறுவதே வழக்கம். எனினும் அதன் முன்னே விரிந்து கிடப்பது கடலன்று, ஓர் ஆறு. டேகஸ் என்று பூகோளப் புத்தகத்தில் நாம் படித்த அவ்வாற்றை அந்நாட்டார் தேஜு என்பர். ஸ்பெயின் நாட்டு மலைகளில் பிறந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவந்து, நகருக்குச் சற்றுக் கிழக்கே அது பெரியதோர் ஏரிபோல் அகன்றுவிடுகிறது. அவ்விரிவுக்கு 'வைக்கோற் கடல்' என்று பெயர். பிறகு ஒடுங்கி, மேற்கு நோக்கித் திரும்பி, அட்லாண்டிக் மாக்கடலில் கலக்கிறது. ஆகவே மாலையில் அங்குப் படகேறுவோர்க்கு, ஞாயிறு ஆற்றின் வாயிலேயே இறங்குவது நேரே தெரியும்.

எங்கள் மகன் அந்நகரில் கணிப்பொறிப் பணியில் இருக்கிறான். ஒரு ஜூன் மாதத்தில் அவனைக் காணச் சென்றிருந்தோம். சென்ற மூன்றாம் நாள் இரவு உணவின்போது, அங்கேயே நிலையாகத் தங்கிவிட எண்ணியிருப்பதாக அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். எம் துணைவியார் ஒன்றும் கூறாமல் எழுந்து பாத்திரங்களைக் கழுவச் சென்றார். மறுநாள் மாலைக்கு அவன் முன்னரே படகில் இடம் பதிந்து வைத்திருந்தான்; பணம் கட்டியாயிற்று, போகாதிருக்க முடியவில்லை.

அது ஏறத்தாழ நாற்பதடி நீளமுள்ள பாய்மரப் படகு. பயணிகள் எட்டுப் பேர். சுக்கான் பிடிக்க ஒருவர். துறையை விட்டு வெளியேறும் வரைதான் இயந்திரம். அதை நிறுத்தியதும் எழுந்த அமைதியைச் சொல்லித்தான் ஆகவேண்டும்: பாயில் காற்றுப் படும் ஒலியும், பக்கப் பலகையில் நீர் மோதும் ஒலியுமன்றி வேறில்லை. தலைக்கு மேலே மட்டும் 'ஏப்ரல் 25 பாலம்' தேனீக்கூட்டம் போல் ரீங்காரம் செய்தது. அதன் நடுத்தடங்கள் இரும்புக் கம்பி வலையால் ஆனவை. வண்டிச் சக்கரங்கள் அவற்றின்மேல் உருளும்போது அவ்வோசை எழுகிறது. 1966-இல் திறந்தபோது அதற்குச் சர்வாதிகாரி சலாசாரின் பெயர். 1974 புரட்சிக்குப் பின் புரட்சி நாளின் பெயரை இட்டார்கள்.

பாலத்தின் தென்கரையில் கைகளை விரித்து நிற்கிறார் கிறிஸ்து அரசர். இரண்டாம் உலகப் போரில் நாடு சிக்காதிருந்தால் சிலை எழுப்புவதாக 1940-இல் அந்நாட்டு ஆயர்கள் நேர்ந்துகொண்டனர். நாடு தப்பியது, 1959-இல் நேர்ச்சை நிறைவேறிற்று. எண்பத்திரண்டு மீட்டர் உயரப் பீடத்தின்மேல் இருபத்தெட்டு மீட்டர் உருவம்.

முதலில் காற்று பின்னிருந்து தள்ள, கிழக்கே அரண்மனைச் சதுக்கம் வரை சென்றோம். அரண்மனை இன்று இல்லை. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். ஆலயங்கள் நிறைந்திருந்த காலை வேளையில் நிலம் நடுங்கிற்று. சாய்ந்த மெழுகுதிரிகள் தீயை மூட்டின. ஆற்றின் வழியே கடல் ஏறி வந்தது. பதுவைப் பதியர் என்று நாம் அழைக்கும் அந்தோனியாரும் உண்மையில் இந்நகரத்துப் பிள்ளையே என்று மகன் மேட்டுத் தெருக்களைக் காட்டினான்.

ஆனால் எங்கள் கண்கள் அரண்மனை நின்ற கரையிலேயே இருந்தன. ஓரியூர்ச் செம்மண்ணை நெற்றியில் பூசி வளர்ந்தவர்கள் நாங்கள். அம்மண்ணில் 1693-இல் குருதி சிந்திய அருளானந்தர், ஜான் தெ பிரிட்டோவாக 1647-இல் பிறந்தது இந்நகரில். சிறுவனாக ஊழியம் செய்தது அவ்வரண்மனையில். குழந்தைப் பருவத்தில் அவர் கடுமையாக நோயுற்றார். அவருடைய தாய், மகன் பிழைத்தால் ஓராண்டுக் காலம் சேசு சபையின் அங்கியை அவனுக்கு உடுத்துவதாகப் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தார், அங்கியும் அணிந்தார். பின்னாளில் அவர் உண்மையாகவே அச்சபையில் சேர்ந்து, மதுரை மறைப்பணிக்குப் புறப்பட்டபோது, அதே தாய் திருத்தந்தையின் தூதர் வரை சென்று தடுக்க முயன்றார். நேர்ந்தவரும் அவரே, விடமாட்டேன் என்றவரும் அவரே. இதில் முரண் இருப்பதாகப் பிள்ளை பெற்றவர் எவரும் சொல்லமாட்டார்.

1673-இல் மகன் கப்பலேறிவிட்டார். 1687-இல் சபையின் அலுவலாகத் திரும்பி வந்தவரை, பால்ய நண்பரான மன்னர் இரண்டாம் பேதுரு நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவரோ 1690-இல் மீண்டும் இவ்வழியே புறப்பட்டார்.

நாங்களும் மேற்கே திரும்பினோம். இப்போது காற்று எதிரே. படகு நேரே செல்ல இயலாமல் கரைக்குக் கரை சாய்ந்து சாய்ந்து முன்னேறிற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் மறுபக்கம் வீசி விழ, நாங்களும் இடம் மாறி அமர்ந்தோம். பெலேம் கோபுரம் தெரிந்தது. பெலேம் என்றால் பெத்லகேம். வாஸ்கோ ட காமா 1497-இல் புறப்பட்டது அக்கரையிலிருந்துதான். 1541 ஏப்ரல் 7-இல் சவேரியாரும் இவ்வாற்றின் வழியே கடல் புகுந்தார். அக்கப்பல்கள் குருக்களை மட்டும் ஏற்றிச் செல்லவில்லை. பீரங்கிகளும் சென்றன, மிளகாசையும் சென்றது. இதையும் மறைக்காமல் நினைப்பதே நேர்மை. எதிர்த்திசையில் நம் மொழியும் வந்தது: 1554-இல் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல், ரோமன் எழுத்துகளில், இந்நகரில் அச்சாயிற்று.

ஒன்பது மணியைக் கடந்து ஞாயிறு நீரைத் தொட்டது. எவரும் பேசவில்லை. எம் துணைவியார் கோபுரத்தையே நோக்கியிருந்தார்.

"அந்த அம்மாள் எந்தப் படியில் நின்றிருப்பார்?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரியவில்லை. மகன் தன் மேற்சட்டையைக் கழற்றித் தாயின் தோளில் போர்த்தினான். ஆற்றுக்காற்று ஜூனிலும் குளிரும்.

"தம்பி, பிப்ரவரியில் உனக்கு விடுப்புக் கிடைக்குமா? ஓரியூர்த் திருநாளுக்கு வரலாமே."

"கேட்டுப் பார்க்கிறேன் அம்மா. பத்து நாளாவது வாங்கிவிடலாம்."

"பதினைந்தாகக் கேள்," என்றார் அவர்.