மீட்டொலியும் வகையுளியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு எனத் தோல் பதனிடும் ஊர்கள் சூழ வாழ்கிறோம். ஆயினும் இங்குப் பதனிட்ட தோல் மிருதங்கத்துக்கு உதவாது. பதனிடாமல் உலர்த்திய தோலே நாதம் தரும்.

அந்நாதத்தின் சிறப்பைச் சி.வி. இராமன் 1920இல் சிவகாளி குமாருடன் இணைந்து 'நேச்சர்' இதழில் எடுத்துரைத்தார், 1934இல் விரித்தெழுதினார். வெறும் தோல்வட்டத்தின் மேற்சுரங்கள் தம்முள் இயையா. வலந்தலையில் இடும் கரணையே அவற்றை அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளாக ஒழுங்குபடுத்துகிறது. தோல்மீது மணல் தூவி, அது கோடுகளாய் ஒதுங்குவதைக் கொண்டு அவர் இதனை ஆராய்ந்தார்.

இன்று கல்லூரி ஆய்வகத்து டிஜிட்டல் ஆஸிலாஸ்கோப்பே போதும். மைக்கை இணைத்து எஃப்எஃப்டியைத் தேர்ந்தால் முகடுகள் திரையில் நிற்கும். இயற்பியல் துறை நண்பரொருவர் ஒரே மீட்டின் இரு படங்களை நம்மிடம் காட்டினார். ஒன்றில் ஐந்து முகடுகளும் இருந்தன. மற்றதில் நான்காவதும் ஐந்தாவதும் தேய்ந்திருந்தன. இரண்டாவதை மட்டும் கண்டவர், கரணை இட்டவரின் கைத்திறனையே குறைசொல்லியிருப்பார். மாறியதோ சாளரம் மட்டும்.

கருவி ஒலியை ஒரு துண்டாக நறுக்கி, அத்துண்டே முடிவின்றி மீண்டும் மீண்டும் வருவதாகக் கொண்டு கணக்கிடுகிறது. அலை இடையில் வெட்டுண்டால் வாலும் தலையும் பொருந்தா. அப்பொருத்தமின்மை, இல்லாத அதிர்வெண்களாக முகட்டின் இருபுறமும் கசியும். யாப்புக் கற்றவர்க்கு இது புதிதன்று. சீருக்காகச் சொல்லைப் பிளக்கும் வகையுளியேதான். நாமோ பிளந்த சொல்லை மனத்தில் கூட்டிப் பொருள்கொள்கிறோம். கருவிக்கு அம்மனம் இல்லை.

இதற்கு மருந்துதான் 'ஹானிங்' சாளரம். துண்டின் இருமுனைகளையும் படிப்படியாகச் சுழியத்துக்குத் தணித்துவிடும். செவ்வகச் சாளரத்தில் முதற் பக்கமுகடு முதன்மை முகட்டினும் 13 டெசிபல்தான் தாழ்ந்திருக்கும், ஹானிங்கில் 31. ஆனால் முகட்டின் அடி இருமடங்கு அகன்றுவிடும். (ஆஸ்திரிய வானிலை அறிஞர் ஹான் பெயரால் ஹானிங், ரிச்சர்ட் ஹாமிங் பெயரால், முனைகளைச் சுழியம்வரை தணிக்காத 'ஹாமிங்'. லகர ளகரம் மயங்குவார்போல இவற்றிலும் மயங்குவோர் பலர்.) ஓயாது ஒலிக்கும் தம்புராவுக்கு ஹானிங் தக்கது. அதன் முகட்டு உயரத்தைத் துல்லியமாக அளக்க விரும்பினால் 'பிளாட் டாப்'.

மீட்டு தம்புரா அன்று. எழுந்து விரைவில் அடங்குவது. தட்டுவதற்குச் சற்று முன்னே தொடங்கி, ஒலி அடங்கியபின் முடியுமாறு துண்டை அமைத்தால் இருமுனையும் மௌனமே. அங்கே வகையுளிக்கு இடமில்லை. அவ்விடத்தில் ஹானிங் செய்வது எழுச்சியை அழிப்பது ஒன்றே. மேற்சுரங்கள் முதலில் அடங்குபவை. அவற்றின் வாழ்வெல்லாம் அந்தத் தொடக்கத்தில்தான். நண்பரின் இரண்டாம் படத்தில் நேர்ந்தது இதுவே. ஆகவே தனி மீட்டுக்குச் செவ்வகமே உரியது.

தீர்மானத்தில் ஒரு சொல் அடங்குமுன் அடுத்தது எழுந்துவிடும். அங்கு எவ்வாறு நறுக்கினாலும் ஏதேனும் பிளவுறும். நண்பர் வாசிப்பவரிடம் ஒவ்வொரு தட்டையும் தனித்தனியே, இடைவெளிவிட்டுத் தரும்படி வேண்டிக்கொண்டார்.