வேலி தாண்டும் செடிகள்: சில குறிப்புகள்

நர்சரியில் ஒரு செடியை விற்கச் சொல்லும் பாராட்டுகள் நாலைந்துதான். ‘தண்ணியே ஊத்த வேணாம்.’ ‘ஆடு மாடு வாய் வைக்காது.’ ‘வருஷம் பூரா பூக்கும்.’ ‘குச்சிய ஒடிச்சு நட்டாலே வந்துடும்.’ எந்தச் செடியை ஏன் வைத்தோம் என்று தோட்டக்காரர்கள் பிற்பாடு வருந்துகிறார்களோ, அதுவும் பெரும்பாலும் இதே பாராட்டைப் பெற்றுத்தான் வீட்டுக்கு வந்திருக்கும். வறட்சிக்கு அசராத, ஆடும் தொடாத, ஒடித்த துண்டிலிருந்தும் எழுகிற ஒன்றை வேண்டாம் என்று முடிவெடுத்தபின் என்ன செய்வது?

*

வெடேலியா. மஞ்சள் பூ, பளபளக்கும் பச்சை இலை. வெற்றுத் தரையைச் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் சாலையின் நடுத்திட்டு வரை வைக்கிறார்கள். கணுவுக்குக் கணு வேர்விடும். பிடுங்கும்போது அறுந்து கிடக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று தொகுக்கப்பட்ட சர்வதேசப் பட்டியலில் இதுவும் உண்டு. பிடுங்கியதைத் தெருமுனையில் கொட்டக் கூடாது. அடுத்த மழைக்குள் வாய்க்கால் கரையைப் பிடித்துவிடும். கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வெயிலில் போட்டு, வெந்து கறுத்தபிறகுதான் உரக்குழிக்கு.

*

மெக்சிகன் பெட்டூனியாவின் முற்றிய காய் ஈரம் பட்டால் வெடித்து விதையைத் தெறிக்கும். கனகாம்பரக் காயும் அப்படித்தான் வெடிக்கிறது. ஆனால் கனகாம்பரம் இந்த மண்ணில் பிறந்தது. தானாய் முளைத்த கன்றை அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போகிறார்கள். மற்றது மண்ணுக்கடியிலும் தண்டை ஓட்டி, ஈரமான இடமெல்லாம் தனதாக்கிக்கொள்கிறது. விதை தெறிப்பதில் தவறில்லை. பக்கத்துச் செடிக்கு இடம் விடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

*

கொடிரோஜாவில் நாள் முழுக்கத் தேனீ மொய்க்கும். அதை மறைக்கக் கூடாது. ஆனால் கீழே கிழங்கு இருக்கிறது. மேலே எத்தனை முறை வெட்டினாலும் மழைக்குப் பின் துளிர்த்து, பக்கத்து மரத்தின் உச்சிவரை ஏறி வெளிச்சத்தை மறைத்துவிடும். கிழங்கைத் தோண்டி எடுக்காமல் வேலை முடியாது.

*

வருத்தத்திலும் இரண்டு வகை உண்டு. முருங்கையை வாசலருகே வைத்துவிட்டுக் கம்பளிப்பூச்சியோடு மல்லுக்கட்டுவது, ஏழிலைப்பாலையைப் படுக்கையறை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் பூக்கும் மாதத்தில் இரவெல்லாம் அந்த நெடியில் தலைவலியோடு கிடப்பது: இவை இடம் தப்பிய வருத்தங்கள். நாலு கஜம் தள்ளி வைத்திருந்தால் தீர்ந்தது. உண்ணிச்செடியை எங்கே தள்ளி வைப்பது?

*

உண்ணிச்செடியும் அழகுக்காக வந்ததுதான். வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். பழத்தைப் பறவைகள் தின்றன, விதை காடேறியது. இந்தியாவில் புலிகள் வாழும் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் இது பரவியிருக்கிறது என்கிறது 2020இல் வெளியான ஆய்வு. இலை கால்நடைக்கு நஞ்சு. இது புதராக அடைத்த இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மானுக்கு என்ன இருக்கிறது? கோடையில் காய்ந்த புதர் காட்டுத்தீக்கு விறகாகிறது.

கூடலூர்ப் பகுதியில் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர் சமூகத்துக் கைவினைஞர்கள் உண்ணிக் கழிகளை வளைத்து நிஜ யானை அளவில் யானைகள் செய்கிறார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. அந்தக் கைத்திறனை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் யாரோ தோட்டத்தில் வைத்த செடியின் பாரத்தைக் காட்டில் வாழ்கிறவர்கள் சுமக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

*

ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் ஊதாப்பூவுக்காகக் குளத்தில் விட்டார்கள். இலங்கைக்கு 1905இல் வந்தது. 1909இலேயே அதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. வங்காளத்தில் 1936இல் சட்டம். சென்னையின் கூவத்திலும் அடையாற்றிலும் இன்றும் இயந்திரம் இறக்கி அள்ளுகிறார்கள். சாக்கடை கலக்கும் நீரில் சத்து மிகுதி. அதனால் அள்ளிய இடம் மீண்டும் மூடிக்கொள்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் ஒரு வகைக் கொசுவின் புழு, இதன் வேரைத் துளைத்து அதிலிருந்தே மூச்சுக்காற்றை எடுக்கிறது. மாடித்தோட்டத்துத் தொட்டியில் அழகுக்கு இதை விடுகிறவர்கள், தொட்டியைக் கழுவும் நீர் எங்கே போகிறது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

*

நீலகிரி மலை உச்சிகளில் மஞ்சளாகப் பூக்கும் இரண்டு ஐரோப்பியப் புதர்கள், கார்ஸும் ஸ்காட்ச் புரூமும், ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. இன்று சோலைக்கு வெளியே விரியும் புல்வெளியைத் தின்கின்றன. மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்குக் கொடுப்பது அந்தப் புல்வெளிதான். மேலே பூக்கும் புதருக்குக் கீழே சமவெளி விலை கொடுக்கிறது.

*

கொனோகார்பஸ்: பத்து வருஷமாகப் புது வீடுகளின் மதிலோரம் பச்சைச் சுவராக நிற்பது. வேர் குழாய்களுக்குள் புகுகிறது, மகரந்தம் ஒவ்வாமை தருகிறது என்ற புகார்களால் குஜராத் அரசு 2023இல் தடைவிதித்தது. தமிழ்நாட்டிலும் தடை வந்துவிட்டது. சட்டம் வருவதற்குள் மரம் மாடி உயரம் வளர்ந்துவிடுகிறது; எப்போதும் இதே வரிசைதான்.

*

செடி வாங்கும்போது கேட்க: வேண்டாம் என்றால் இதை எப்படி எடுப்பது? விதை எதில் போகும், காற்றிலா, நீரிலா, பறவையிலா? இந்த ஊரில் இதைத் தின்னும் பூச்சி ஏதாவது உண்டா? பூச்சியே தொடாத செடியில் பட்டாம்பூச்சியும் முட்டையிடாது.

*

மாற்று: கொடிரோஜா இடத்தில் முல்லை. உண்ணி இடத்தில் வெட்சி. கொனோகார்பஸ் இடத்தில் பூவரசு, புங்கன். வெடேலியா இடத்தில், ஈரம் நிற்குமானால், வல்லாரை, சமையலுக்கும் ஆகும்.

ஏற்கெனவே வைத்துவிட்டவர்களுக்கு: காய் முற்றும்முன் பூவைக் கிள்ளுங்கள், ஐப்பசி மழை மண்ணை இளக்கியதும் வேரோடு எடுங்கள், அடுத்த ஒரு வருஷம் அந்த இடத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். முக்கியமாக, அழகாக இருக்கிறதே என்று கேட்கும் பக்கத்து வீட்டுக்குக் குச்சி ஒடித்துக் கொடுக்காதீர்கள்.